குடிக்க வந்தவர்கள் உட்கார்ந்த மேடு

காரைக்காலுக்குக் குடிக்க வருகிறவனுக்குப் பாட்டில் கிடைப்பது எந்தக் காலத்திலும் கஷ்டமாக இருந்ததில்லை. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைப்பதுதான் கஷ்டம். எழுபத்துநாலில் தமிழ்நாட்டில் சாராயக் கடைகளை இழுத்து மூடினார்கள். அன்றிலிருந்து மாயவரம், கும்பகோணம், நாகப்பட்டினம் என்று எல்லா ஊர் ஆம்பளைகளும் வேன் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். வாங்கி ஊருக்கு எடுத்துப் போக முடியாது. எல்லையில் நிறுத்திப் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். வயிற்றுக்குள் வைத்துத்தான் கடத்தவேண்டும். அதற்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், தொட்டுக்கொள்ளக் காரமாக ஏதாவது வேண்டும், போதை இறங்கும்வரை விழுந்துகிடக்க ஓர் இடம் வேண்டும்.

கடற்கரைக்குப் போவார்கள். காற்றில் பாதி மணல் சோற்றில் விழும். அரசலாற்றங்கரைக்குப் போவார்கள். காலையில் ஊரே ஒதுங்குகிற இடம் அது, இலையை எங்கே விரிப்பது? சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வாசலிலேயே மறிப்பார்கள். ஒருத்தன் வாந்தி எடுத்தால் அன்றைக்கு வியாபாரம் போச்சு. இப்படி நாயாக அலைந்து, கடைசியில் கோட்டுச்சேரியிலிருந்து திருவேட்டக்குடி போகிற வழியில் ஒரு தோப்பைக் கண்டுபிடித்தார்கள். அது என் கொழுந்தன் மருதையனின் தோப்பு. அவன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மருதையன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்பான். குடிக்கமாட்டான், சீட்டு ஆடமாட்டான், வயலில் மாடு மாதிரி உழைப்பான். ஆனால் ஒருத்தன் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. சொந்த உழவு நாளில் பக்கத்து வயல்காரன் மாட்டைக் கேட்டால் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வரப்பில் குந்தியிருப்பான். மீன் குழம்பு மட்டும் அவன் கையால் வைக்கவேண்டும். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நான் வைத்தாலும் அப்படி வராது, அவன் பெண்டாட்டி அல்லி வைத்தாலும் வராது.

என் புருஷன் போனபிறகும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சின்ன ஓட்டு வீடு, ஒரே அடுப்பு. அந்த ஒரு அடுப்புக்கு இரண்டு பொம்பளை. நான் புளி கரைத்தால் அல்லி மூஞ்சியைச் சுளிப்பாள். அவள் உப்புப் போட்டால் நான் கத்துவேன். சண்டை போட்டு அலுத்துப்போய் ஒருநாள் அவளே வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, எனக்கும் உங்களுக்கும் ஒரு விரோதமும் இல்ல. எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தா போதும். உங்கள நான் கையெடுத்துக் கும்புடுவேன்.”

“கும்புடல்லாம் வேணாம். மொதல்ல தனியாப் போ. எனக்கும் நிம்மதி,” என்றேன்.

தோப்பில் வீடு கட்டுவது என்று முடிவானது. தோப்பு பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணி நிற்கும். நடுவில் இலுப்பை மரத்தடியில் மட்டும் ஒரு மேடு, எந்த மழைக்கும் அது முழுகாது. வீடு கட்டினால் அங்கேதான் கட்டமுடியும். அல்லி சாயங்காலத்தில் அங்கே போய் ஒரு குச்சியால் தரையில் கோடு இழுத்து வைப்பாள். இது வாசல், இது அடுப்படி, புகை போக இந்தப் பக்கம் ஜன்னல். மழை பெய்து கோடு அழிந்தால் மறுபடி இழுப்பாள்.

அந்தக் கோட்டின் மேல்தான் முதல் வேன்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு மட்டை பொறுக்க நானும் தோப்பில் இருந்தேன். மாயவரத்து ஆட்கள். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை, பைக்குள் கிண் கிண் என்று சத்தம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் முன்னால் வந்தார். பெயர் சுவாமிநாதன், அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

“தம்பி, ஒரு ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிடறோம். தோப்புக்கு ஒண்ணும் ஆவாது.”

மருதையன் தலையைச் சொறிந்தான். என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன்.

“அதுக்கென்ன சார், உக்காருங்க,” என்றான்.

“எங்க உக்காரலாம்?”

“மேட்டுல உக்காருங்க. அங்கதான் எறும்பு கெடையாது.”

எலுமிச்சம்பழச் சோறும் காராசேவும்தான் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் காராசேவைக் கடித்துக்கொண்டு குடிப்பதைப் பார்த்து இந்தப் பாவிக்கு மனசு பொறுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் போய் இறாலும் வாளையும் வாங்கிவந்து கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டான்.

“ஏண்டா, நீ என்ன அவனுங்களுக்குப் பொண்டாட்டியா?” என்றேன்.

“வெறும் வயித்துல குடிச்சா கொடலு வெந்துடும் அண்ணி.”

“வேவட்டுமே. உன் கொடலா?”

அவர்கள் குழம்பைத் தின்றுவிட்டு விரலைச் சூப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குட்டியோடு வந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் வாய்நாற்றம் போவதற்குக் கொய்யா இலையை மெல்லுவார்கள். எங்கள் கொய்யா மரம் மொட்டையாகிவிட்டது, ஒரு பிஞ்சு கிடையாது. செங்கல் சூளை வைத்திருந்த ஒருத்தர், வீடு கட்ட ஆரம்பி, ஒரு லோடு கல்லு நான் அனுப்பறேன் என்று போதையில் மருதையனைக் கட்டிப்பிடித்துச் சொன்னார். அதை நம்பி இவன் அல்லியிடம் வந்து சொல்ல, அவளும் வாயை மூடிக்கொண்டாள். கல்லும் வரவில்லை, மண்ணும் வரவில்லை.

சரி, குடித்தார்கள், தின்றார்கள், போனார்கள். அதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன்.

ஒருநாள் சுவாமிநாதன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுல என்ன சொல்லிட்டு வர்றதுன்னே தெரியல மருதையா. சினேகிதன் வூட்டுக் கல்யாணம்னு சொல்லியாச்சு, சாவுன்னும் சொல்லியாச்சு. இனிமே சாவறதுக்கு ஆளு இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கண் இலுப்பை மரத்தடியில் போய் நின்றது. அங்கே எங்கள் கன்றுக்குட்டி கட்டியிருந்தது.

“அது என்ன கல்லு?”

“கன்னு கட்டற கல்லு சார். எங்க வூட்டு ஆட்டுக்கல் கொழவி. தலை ஒடஞ்சுபோச்சு, இஞ்ச கொண்டாந்து நட்டுட்டேன்.”

“பாத்தா வீரன் நிக்கிற மாதிரி இல்ல?”

அவ்வளவுதான். கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டார்கள். கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, அதற்கு முன்னால் ஆட்டை அறுத்தார்கள். மேட்டு வீரன் என்று பெயரும் வைத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது குங்குமம், எலுமிச்சம்பழம், தூக்குப்பாத்திரத்தில் கறி. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போனோம் என்று சொல்லிவிட்டால் எந்தப் பெண்டாட்டி என்ன கேட்கமுடியும்? இட்லிக்கு மாவாட்டின குழவி மாயவரத்தில் சாமியானது இப்படித்தான்.

அல்லிக்குக் கோபம் வந்தது. “கன்னுக்குட்டிய இனிமே எங்க கட்டறது?” என்றாள்.

“தென்ன மரத்துல கட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான.”

“அவன் சாமிய நம்ம அடுப்படியில கொண்டாந்து நட்டுட்டுப் போயிருக்கான். நீங்க தென்ன மரத்தக் காட்டுறீங்க.”

“சும்மா வெளையாட்டுக்கு வச்சிருக்காங்கடி. வீடு ஆரம்பிக்கறப்ப புடுங்கிப் போட்டா போச்சு.”

அந்த நம்பிக்கையும் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமைதான் வேன் வரும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வந்து நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே ஓர் ஆம்பளை இல்லை. எல்லாம் பொம்பளைகள். தலையில் பூ, கையில் பொங்கல் பானை. மருதையன் சேற்றுக் காலோடு, கோவணத்தோடு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

“பூசாரி எங்கங்க?” என்றாள் முன்னால் வந்தவள். அவள்தான் சுவாமிநாதனின் பெண்டாட்டி சௌந்தரவல்லி.

“பூசாரின்னு யாரும் இல்லம்மா. நான் தோப்புக்காரன்.”

“அப்ப நீங்கதான் பூசாரி. கற்பூரத்தக் காட்டுங்க.”

காட்டினான். வேறு என்ன செய்வான்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பொங்கலை இறக்கியபிறகு சௌந்தரவல்லி என் பக்கத்திலும் அல்லி பக்கத்திலும் வந்து உட்கார்ந்தாள். நல்ல மாதிரியான பொம்பளை. தானாகவே பேசினாள்.

“நீங்க குடுத்து வச்சவங்க, சாமி பக்கத்துலயே இருக்கீங்க. எங்க வூட்டுக்காரருக்குக் கை நீளும்மா. கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாம அடிப்பாரு. இந்த வீரன்கிட்ட வந்துட்டு வர்ற அன்னிக்கு மட்டும் ஒரு வார்த்த பேசமாட்டாரு. வந்ததும் அமைதியாப் படுத்துத் தூங்கிடுவாரு. அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் இந்த சாமியக் கும்புடறேன்.”

அல்லி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மருதையன் குறுக்கே வந்து, “அண்ணி, கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு, போய்ப் புடிங்க,” என்றான். கன்றுக்குட்டி கட்டின இடத்திலேயே அசை போட்டுக்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆம்பளைகள், வெள்ளிக்கிழமை பொம்பளைகள். மேட்டில் ஒரு கோடு கிழிக்கவும் அல்லிக்கு இடம் இல்லை.

எண்பத்தொன்றில் தமிழ்நாட்டிலேயே கடையைத் திறந்துவிட்டார்கள். மாயவரத்தான் மாயவரத்திலேயே குடித்தான். ஞாயிற்றுக்கிழமை வேன் வருவது நின்றது, வெள்ளிக்கிழமைப் பொம்பளைகள் மட்டும் விடவில்லை. அந்த ஆம்பளைகளில் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போன இடத்துக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகக்கூட எவனுக்கும் தோன்றவில்லை. தொலைந்தது பீடை என்று நான் கொத்தனார் நீலமேகத்தைக் கூட்டிவந்தேன். நீலமேகம் மேட்டைச் சுற்றி வந்தான். கல்லைப் பார்த்தான். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான்.

“வீரன் நிக்கிற எடத்துல கடக்கால் போட நான் வரல ஆச்சி.”

“அது கொழவிடா. எங்க வூட்டுக் கொழவி. அதுல நான் உளுந்து ஆட்டியிருக்கேன்.”

“இருக்கலாம். ரத்தம் குடிச்ச கல்லு. வச்சவங்களே வந்து எடுத்துட்டா நான் வேல செய்யறேன்.”

சரி, வைத்தவனையே கேட்போம் என்று மருதையனை இழுத்துக்கொண்டு மாயவரத்துக்குப் பஸ் ஏறினேன். அரிசி மில்லில் தவிட்டுத் தூசிக்கு நடுவில் சுவாமிநாதன் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே கூட்டிவந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். மருதையன் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“ஒரு நாளைக்கு வந்து அந்தக் கல்ல எடுத்துடுங்க. எங்களுக்கு வீடு கட்டணும்.”

அவர் நாலு பக்கமும் பார்த்தார். “அத மட்டும் கேக்காதீங்கம்மா. நான் எடுத்தா ஏன் எடுத்தன்னு வீட்டுல கேப்பா. பழசெல்லாம் கிண்டினா நான் மட்டுமா மாட்டுவேன்? எத்தன குடும்பம்?”

“அப்ப நான் சொல்றேன் ஒங்க பொண்டாட்டிகிட்ட.”

“சொல்லுங்க,” என்றார். “அவ நம்பினா எனக்கு ஆளனுப்புங்க.”

வழியெல்லாம் மருதையனைத் திட்டிக்கொண்டு வந்தேன். “அத்தன ஆட்டுக்கும் மசாலா அரைச்சியே, அந்த ஆள் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேக்க முடிஞ்சுதா உன்னால?” என்றேன். “அவரு பாவம் அண்ணி, பயப்படறாரு,” என்றான். பஸ்ஸில் இருந்து தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை சௌந்தரவல்லி வந்தபோது நான் முந்திக்கொண்டேன். ஒன்றும் மறைக்கவில்லை. குழவி, கன்றுக்குட்டி, பாட்டில், கொய்யா இலை எல்லாவற்றையும் சொன்னேன். அல்லியும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றாள். சௌந்தரவல்லி முழுசாகக் கேட்டாள். அவள் முகம் சிவந்துபோனது.

“எடத்துக்கு ஆசப்பட்டு இப்படி ஒரு பழியா? எங்க வூட்டுக்காரரு அடிப்பாரு, நான் இல்லங்கல. ஆனா சாமி பேரச் சொல்லிக் குடிக்கிற ஆளு இல்ல. இஞ்ச வந்துக்கிட்டிருந்த வரைக்கும் ஒழுங்கா இருந்தாரு. வர்றத நிறுத்தினதுக்கு அப்புறம்தான் தெனம் குடிக்கிறாரு, தெனம் அடிக்கிறாரு. இது வீரனோட கோவம் இல்லாம வேற என்ன? நீங்க புடுங்கணும்னு நெனைக்கிறீங்களே, அதான் அவருக்குக் கோவம்.”

அவள் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தபோது முழங்கைக்கு மேலே கன்றிப்போன தடம் தெரிந்தது. அந்த ஆளை அப்போது என் கையில் கொடுத்திருந்தால் வேறு கதை.

வீரன் கோபத்தை ஆற்ற அவர்கள் சிமெண்டோடு வந்தார்கள். கல்லைச் சுற்றி மேடை, மேலே தகரக் கூரை. எனக்கு வர மாட்டேன் என்ற நீலமேகம் சாமி வேலைக்கு விடிந்ததும் வந்து நின்றான். சௌந்தரவல்லி மருதையனிடம், “நீங்க தண்ணி மட்டும் தூக்கிக் குடுத்தா போதுங்க,” என்றாள்.

“அதுக்கென்னம்மா,” என்றான்.

தன் வீடு நிற்கவேண்டிய இடத்தில் ஊரான் மேடை கட்ட, தன் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத் தன் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அல்லி அவனிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அடுப்படியில் என் காதுபட அவனிடம் சொன்னாள்.

“எனக்கு வயசாவுது. மேட்டுல வேணாம், எங்க வேணா கட்டுங்க. பள்ளத்துலயே கட்டுங்க. அடுப்பு ஒண்ணு போட்டுக் குடுங்க.”

பள்ளத்தில் கட்டினான். மண் சுவர், கீற்றுக் கூரை. அல்லி தன் கையாலேயே களிமண் பிசைந்து, தவிடு கலந்து அடுப்புப் போட்டாள். சாணி மெழுகிக் கோலம் வைத்தாள். பால் காய்ச்சின அன்றைக்கு எனக்கு முதல் டம்ளர் கொடுத்தாள். பாலில் வைக்கோல் புகை நாற்றம் அடித்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான்.

ஐப்பசி பிறந்தது. மழை விட்டேனா பார் என்று அடித்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்து அடுப்பு கரைந்து சேறாகிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கழியை ஊன்றிக்கொண்டு தோப்புக்குப் போனேன். வீட்டில் ஆள் இல்லை. மேட்டில் புகை தெரிந்தது. வீரன் மேடையில் தகரத்துக்கு அடியில் மூன்று செங்கல்லைக் கூட்டி அல்லி உலை வைத்திருந்தாள். புடவையெல்லாம் சேறு.

“வாடி வூட்டுக்கு. நம்ம அடுப்பு இருக்குல்ல,” என்றேன்.

“அது உங்க அடுப்பு அக்கா. நான் வரல.”

மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. சௌந்தரவல்லி இல்லை, அவள் சொல்லிக் கேள்விப்பட்டு வந்த வேறு ஆட்கள். எவளோ ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

“என்னம்மா இது அநியாயம்? சாமி எடத்துல அடுப்பு மூட்டியிருக்கீங்க. கொஞ்சம் எறங்கிக்குங்க, நாங்க படையல் போடணும்.”

மருதையன் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தான். அல்லியைப் பார்த்தான், வந்தவர்களைப் பார்த்தான்.

“ஏந்திரிடி அல்லி,” என்றான். “தூரத்துலேருந்து வந்திருக்காங்க. நிக்கறாங்க பாரு.”

அல்லி விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

“நிக்கட்டும்,” என்றாள். “ஒல கொதிச்சுடுச்சு.”

“என்னடி பேசற? சாமிக்கு முன்னால...”

“சாமி ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க.”

முறத்திலிருந்த அரிசியை உலையில் போட்டு மூடினாள். மறுபடி தூறல் ஆரம்பித்தது. குடைக்காரி முணுமுணுத்தாள். மருதையன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தண்ணீரிலேயே நின்றான். நான் சாக்கை உதறிவிட்டு மேடையில் ஏறி, அல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிடந்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.